எச்சில் ரப்பர்

மருமகள் மேல் ஜானகியம்மாளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். ஆனால் அதை அவள் பாப்பாரப்பட்டி முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"எம் பையன் வாயில வெச்ச ரப்பரை அவ சோப்பு போட்டுக் கழுவுறா."

மகன் ரஞ்சித்குமாருக்குத் தொழில், கிணற்றுக்குள் அறுந்து விழுந்த மோட்டார்களை எடுத்துக் கொடுப்பது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து வரும் குழாயின் முனையில் உள்ள ரப்பரைப் பல்லில் கவ்விக்கொண்டு அடி ஆழம் வரை இறங்க வேண்டும். மோட்டாரில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தால், மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள்.

காரிமங்கலம், கிருஷ்ணகிரிப் பக்கம்தான் வேலை அதிகம். கயிறு பிடிக்க மனைவி காவேரியும் பைக்கில் கூடவே போய்விடுவாள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவரின் மகள்.

மகன் கிளம்பிப் போனால் ஜானகியம்மாளுக்குச் சோறு இறங்காது. முனியப்பன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு, பைக் சத்தம் கேட்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பைக் வந்து நின்றதும் காவேரி செய்கிற முதல் வேலை, அந்த ரப்பரைக் குழாயிலிருந்து கழற்றுவதுதான். பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பை நாலு சொட்டு விட்டு அதை ஊறப்போடுவாள். பழைய டூத் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்ப்பாள். கடைசியில் குடிக்கிற தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர் அது.

ஒருமுறை கேட்டதற்கு, கிணற்றுத் தண்ணீர் அழுக்கு, வாய்ப்புண் வந்துவிடும் என்றாள். ஜானகியம்மாள் நம்பவில்லை. அழுக்கு என்றால் சிலிண்டரையும் அப்படித் தேய்க்க வேண்டியதுதானே? வாய் வைத்த இடத்துக்கு மட்டும் என்ன தனி கவனிப்பு?

போதாக்குறைக்கு, வேலைக்குப் போகிற நாளெல்லாம் காவேரி ஈரத் தலையோடுதான் திரும்புவாள்.

"எம் பையன் உசுரைக் குடுத்து மோட்டாரை எடுப்பானாம். மகாராணி அந்த மோட்டார் தண்ணியில ஜாலியா குளிச்சுட்டு வருவாங்களாம்" என்று பக்கத்து வீட்டு கோவிந்தம்மாளிடம் புலம்பினாள்.

கோவிந்தம்மாள் சும்மா இருப்பாளா? தன் வீட்டுக்காரர் கடித்து வைத்த மாங்காயைத் தான் எத்தனை முறை தின்றிருக்கிறேன் என்று சொன்னாள். இதையெல்லாம் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்றும் ஏற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலம் காவேரி ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, கோவிந்தம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஜானகியம்மாள் கேட்டுவிட்டாள்.

"ஏன் காவேரி, புருசன் எச்சில் உனக்கு அவ்வளவு அருவருப்பா?"

காவேரி நிமிரவில்லை. பிரஷ் மட்டும் நின்றது.

"எச்சில் பார்த்தா குடும்பம் நடத்த முடியுமா? புடிக்கலைன்னா சொல்லிடு. உங்கப்பாவை வரச்சொல்லி உன்னை அனுப்பி வெச்சிடறன்."

சொன்ன வேகத்தில் பேசினைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தாள். ரப்பர் மண்ணில் போய் விழுந்தது.

காவேரியின் கண் நிறைந்துவிட்டது. பைக் பக்கத்தில் நின்ற ரஞ்சித்தைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்தத் தடவை அவன் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

"அம்மா, அது என் எச்சில் இல்ல."

"பின்ன யாரோடது?"

"அவளோடது. பொங்கலுக்கு அப்புறம் நான் கெணத்துல எறங்கவே இல்ல. அவதான் எறங்கறா."

பொங்கலுக்கு முன்னால் ஒரு கிணற்றின் அடியில் பழைய கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டதாம். எப்படியோ தப்பி மேலே வந்தான். அதிலிருந்து, தண்ணீரில் தலை முங்கினாலே மூச்சு வரவில்லை. ரப்பரைக் கவ்வினால் உடம்பு நடுங்குகிறது. ஆற்றில் நீந்தி வளர்ந்த காவேரி அவனிடமே தொழிலைக் கற்றுக்கொண்டாள். வேலையெல்லாம் வெளியூரில் என்பதால் பாப்பாரப்பட்டிக்கு விஷயம் எட்டவில்லை. 'கெணத்து ரஞ்சித்து' என்று பேர் வாங்கியவனை ஊர் கேலி பேசக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

"இனிமே ஊருக்கே தெரிஞ்சாலும் சரிதாம்மா" என்றான். சொல்லி முடித்ததில் அவனுக்கே பெரிய பாரம் இறங்கியிருந்தது.

அடுப்பில் பால் வைத்திருப்பது கோவிந்தம்மாளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஜானகியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. மகன் இத்தனை மாதமும் கிணற்று மேட்டில்தான் நின்றிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் உள்ளே இருந்தது யார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. மருமகளின் ஈரத் தலையை ஏறிட்டுப் பார்த்தாள். ஏற்றிய கற்பூரம் ஒன்றுகூட அவள் பேரில் இல்லை.

"உன் எச்சிலை நீயே எதுக்குடி அந்தத் தேய்ப்பு தேய்ச்ச?"

"அவரு என்னிக்காச்சும் மறுபடி எறங்குவாரு அத்தெ. அன்னிக்கு அவரு வாயில வெக்கறப்ப சுத்தமா இருக்கோணும் இல்லீங்களா?"

ஜானகியம்மாள் எழுந்தாள். மண்ணில் கிடந்த ரப்பரை எடுத்தாள். உள்ளே போய்க் குடிக்கிற தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தாள். உட்கார்ந்து, அதே பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள்.

காவேரி பதறிப்போய்க் கையை நீட்டினாள். "வுடுங்க அத்தெ, நான் கழுவிக்கறன். அது என் எச்சில்."

ஜானகியம்மாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"போடி. எச்சில் பார்த்தா குடும்பம் நடத்த முடியுமா?"