சூடேறிய இன்ஜின்

அம்மாவை வெளியே கூட்டிப்போகும்போது, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் அப்பா ஹாரன் அடிப்பார். அதுவரை அம்மா செருப்பைக்கூடத் தொடமாட்டாள்.

அப்பா இறந்தபிறகும் அந்தப் பழைய காரின் ஒரிஜினல் இன்ஜினை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. பழுதுபார்க்கக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்திருந்தேன்.

இன்று ஆபீசில் இருந்தபோது அவர் போன் செய்தார்.

"சார், நேத்தே பிரிச்சுப் போட்டாச்சு. பிஸ்டன் ஒரு பக்கம், பிளாக் ஒரு பக்கம் கிடக்கு. இப்ப தொட்டா கை சுடுது."

"வெயில் பட்டிருக்கும்."

"ஷெட்டுக்குள்ள ஏது சார் வெயிலு?"

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். தங்கை எடுத்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"படுத்த படுக்கையா கிடந்தவங்க, தானா எழுந்து தலை வாரிக்கிட்டாங்கண்ணா!" அவள் குரலில் அத்தனை சந்தோஷம். "செருப்பு எங்கேன்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்."