மெல்பேர்னில் குளிர்

“இங்க சரியான குளிர் அம்மா,” என்றான் கஜரூபன், போனில்.

அவன் மெல்பேர்னில் அனிமேஷன் படித்து முடித்து ஒன்றரை வருடம். ஊரில், வெள்ளவத்தை ஃபிளாட்டின் மூன்றாம் மாடி ஜன்னலருகே இருந்து மங்களேஸ்வரி தினமும் அதே கேள்வியைக் கேட்பாள்.

“வேலை ஏதும் சரி வந்ததோ?”

“இரண்டு ஸ்டூடியோவுக்கு நான் கீறின படங்களை அனுப்பியிருக்கிறன். பதில் வரும்.”

“உங்கட மகன் இன்னும் கார்ட்டூனோ கீறுறான் எண்டு முன்வீட்டு மாமி கேக்கிறா.”

“ஓம் எண்டு சொல்லுங்கோ.”

“விசா போன மாசத்தோட முடியுதெண்டாய்?”

“அதை நீட்டியாச்சு. நீங்கள் யோசிக்காதேங்கோ.”

“வேலை கிடைக்காட்டி வாவன் தம்பி.”

“வெறுங்கையோட வந்து உங்கட முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

கீழே, பாட்டுப் போட்டபடி பாணும் பணிஸும் விற்கும் பேக்கரி ஓட்டோ கடற்கரைப் பக்கம் திரும்பிப் போனது. பாட்டுத் தேய்ந்து மறைந்தது.

சற்றுப் பொறுத்து, அதே பாட்டு போனுக்குள் கேட்கத் தொடங்கியது. மெல்ல மெல்லக் கிட்ட வந்தது.

மங்களேஸ்வரி ஜன்னலால் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“தம்பி,” என்றாள் மங்களேஸ்வரி. “அந்த ஓட்டோவை மறிச்சு இரண்டு பணிஸ் வாங்கிக்கொண்டு மேல வா. தேத்தண்ணி போடுறன்.”