ஏழாம் சுற்றில் ஹான்ராட்டி

மேசையின் ஒரு பக்கம் ஏர்னஸ்ட், லேப்டாப்புடன். வீடு அவருடையது, லீக்கின் தலைவரும் அவர்தான். எதிர்ப்பக்கம் ஒரு கோடியில் சிந்து. மறுகோடியில் ராம்பிரசாத். ஒருவர் திரையை மற்றவர் பார்த்துவிடாதபடி நடுவில் ஜெரோஷன்.

சிந்துவும் ராம்பிரசாத்தும் விவாகரத்து செய்துகொண்ட பிறகு ஏர்னஸ்ட் செய்த ஏற்பாடு அது. இருவரில் ஒருவராவது லீக்கை விட்டுப் போவார் என்று மற்றவர்கள் எதிர்பார்த்தார்கள். இருவரும் போகவில்லை.

மற்ற ஆறு பேர் சுவரிலிருந்த டிவியில், சின்னச் சின்னக் கட்டங்களில்.

இந்த லீக்கில், அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்து, காகிதத்தில் ஆளுக்கொரு அணி கட்ட வேண்டும். அவர்கள் அங்கே ஆடுகிற ஆட்டத்துக்கு கடல் கடந்து இங்கே மவுண்ட் ஆல்பர்ட்டில் புள்ளி விழும். பெரிய பெயர்களை யாரும் எடுக்கலாம். ஒருவரும் சீண்டாத ஆளை எடுத்து, அந்த வருஷமே அவன் எழும்பி நின்றால் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

ராம்பிரசாத் அப்படி ஓர் ஆளை வைத்திருந்தான். கோல்பி ஹான்ராட்டி. தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு போன வருஷம் முழுக்க ஆடாத பிட்சர், பந்து வீசுகிறவன். எல்லாப் பட்டியல்களிலும் அடிமட்டத்தில் கிடந்தான். கடைசிச் சுற்றில் சத்தமில்லாமல் தூக்கிவிடலாம் என்று ராம்பிரசாத் காத்திருந்தான்.

ஏழாம் சுற்றில் சிந்து சொன்னாள், "ஹான்ராட்டி."

டிவியில் யாரோ சிரித்தார்கள்.

"தங்கச்சி, அந்தக் கை போன பெடியனையோ?" என்றார் ஏர்னஸ்ட்.

"ஆமாண்ணா. போட்டுக்கோங்க."

ராம்பிரசாத் பேனாவை மூடி வைத்தான். அவளிடம் நேராகப் பேசி இரண்டு வருஷமாகிறது. இப்போதும் ஏர்னஸ்டைப் பார்த்துத்தான் பேசினான்.

"அண்ணே, கை சரியாயிடுச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கேளுங்க."

"அவர்கிட்ட சொல்லுங்கண்ணா. அவனோட கேர்ள்ஃப்ரெண்டுக்கு இந்த ஊரு. லீவுக்கு வந்தவன் பக்குரங்கா கிரவுண்டுல சனிக்கிழமையானா பந்து போட்டுட்டிருந்தான். நான் போய் உக்காந்து பாத்தேன். கைய முன்ன விட இறக்கிப் போடறான். பந்து நேரா வந்து கடைசில பொத்துனு விழுது. பிடிக்கறவனே தடுமாறுறான்."

"பேஸ்பால்னா என்னன்னே தெரியாதவங்க இவங்க. சொல்லிக் குடுத்தவனே நான்தான்."

"சொல்லிக் குடுத்தவரு போன வருஷம் கடைசில இருந்து எத்தனாவதுன்னும் கேளுங்கண்ணா."

"ஐயோ, நடுவில இருக்கிற எனக்குத்தான் காயம் வரப்போகுது" என்று ஜெரோஷன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். டிவியில் ஆறு கட்டங்களும் குலுங்கின.

"அண்ணே, இது செல்லாது."

"எடுத்தது எடுத்ததுதான் தம்பி. உம்மட முறை வருது. ஆளைச் சொல்லும்."

ராம்பிரசாத் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னான். அந்தப் பையன் ஏற்கெனவே மூன்றாம் சுற்றில் போய்விட்டிருந்தான். மறுபடியும் சிரிப்பு. இந்த முறை சிந்துவும் சிரித்தாள்.

கிரவுண்டாவது, சனிக்கிழமையாவது. பச்சைப் பொய் என்று அவன் அங்கேயே முடிவு கட்டினான்.

லீவுக்கு வந்த ஹான்ராட்டியின் தோளை ஸ்கேன் எடுத்தது சிந்துவும் அவனும் வேலை செய்கிற கிளினிக்கில். அவள் ஸ்கேன் பிரிவு. அவன் கணினிப் பிரிவு. தனக்குச் சம்பந்தமில்லாத நோயாளியின் படத்தைத் திறந்து பார்த்தவருக்கு அங்கே மறுநாள் வேலை கிடையாது. தொழில் பதிவும் பறிபோகும். அதன்பிறகு இந்த நாட்டில் எந்த ஸ்கேன் அறைக்குள்ளும் அவள் கால் வைக்க முடியாது.

ஆள் எடுக்கும் டிராஃப்ட் முடிகிறவரை உட்கார்ந்திருந்து, ஏர்னஸ்ட் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

மின்னஞ்சல் தடம் விடும். அதைத் தெரிந்திருப்பது அவன் தொழில். ஆகவே காகிதம். நூலகத்துக்குப் போய், பொதுக் கணினியில் அடித்து, அங்கேயே அச்செடுத்தான்.

'மேலாளர் அவர்களுக்கு. நோயாளி கோல்பி ஹான்ராட்டியின் தோள் ஸ்கேனை, அவருடைய சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லாத ஊழியர் ஒருவர் திறந்து பார்த்து, தெரிந்துகொண்டதைத் தன் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்தைத் திறந்தவர்கள் யார் யார் என்று உங்கள் கணினியே சொல்லும். தயவு காட்ட வேண்டாம்.'

பெயரை எழுதாமல் விட்டதில் அவனுக்குத் தன்மீதே ஒரு மரியாதை வந்தது. எழுதியிருந்தால் இது முன்னாள் புருஷன் வேலை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஒரு முறை படித்தான். 'தயவு' என்பதை 'எந்தத் தயவும்' என்று மாற்றி மறுபடி அச்செடுத்தான். மூன்றாக மடித்தான். உறையை நாக்கால் நனைத்து, ஓரங்களைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தபால்பெட்டியில் பாதி உறையை நுழைத்தவன், ஒரு கணம் கையை நிறுத்தினான்.

திறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயரும் இருக்கும். ஜனவரியில் அந்தப் படத்தைத் திறந்து, தோள் ஆறியிருப்பதைக் கண்ட பிறகுதானே ஹான்ராட்டியைக் குறித்து வைத்தான்.

இருக்கட்டும். கணினிப் பிரிவுக்காரன், ஏதோ கோளாறு பார்க்கத் திறந்தேன் என்று சொல்லிவிடலாம். இரண்டு பெயர் இருந்தால் எல்லோரும் அவள் பக்கம்தான் திரும்புவார்கள்.

இரண்டு பெயர் இருக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

விரலை விட்டான். உறை உள்ளே விழுந்தது.