திரும்பி வரும் வழி

கப்பலில் சமையல் வேலை பார்த்த கிஃபாயத்துல்லா, எழுபத்திரண்டாம் வருஷம் லீவில் பழவேற்காடு வந்ததிலிருந்து, கைக்குழந்தை மெஹர்னிசாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரே கதைதான் சொன்னான். கப்பல் ரிப்பேராகி நின்றபோது அவன் சுற்றிப் பார்த்த எரிமலைத் தீவின் கதை. முதல் நாள் அதன் ஊர்களைச் சொன்னான். மறுநாள் அதன் கருமணல் கடற்கரையைச் சொன்னான்.

அடுத்த நாள் காலை, அவன் மனைவி குல்சும் கால்நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டியபோது, அதன் விரலிடுக்கிலிருந்து கன்னங்கரேலென்று மணல் உதிர்ந்தது. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை. பழவேற்காட்டில் அவ்வளவு கருப்பான மணலும் கிடையாது.

அன்று மாலை அவன் மலைப்பாதையைச் சொன்னான். விடிந்ததும் பார்த்தால், குழந்தையின் உள்ளங்கால்கள் கன்றிச் சிவந்திருந்தன.

“இன்னாங்க இது? திரும்பி வர்ற வழியச் சொல்லி முடிச்சிடுங்க.”

“பேஜார் பண்ணாத குல்சும். மலையிலருந்து எப்படி எறங்கி வந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல.”

குல்சுமுக்குத் தெரிந்த ஒரே வழி, தாய்வீட்டிலிருந்து வரும் வழி. அன்றிரவு குழந்தையின் காதில் அதையே சொன்னாள்.

“கும்மிடிப்பூண்டியில ரயிலு ஏறிக்கோ கண்ணு. பொன்னேரியில எறங்கி பழவேற்காடு பஸ்ஸப் புடி. பஜார் தாண்டினா நம்ம ஊடு.”

விடிந்தபோது வாசலிலிருந்து தொட்டில்வரை கருமணலில் பிஞ்சுக் காலடிகள் வந்திருந்தன. பக்கத்திலேயே பெரிய காலடிகளும் வந்திருந்தன. குல்சும் புருஷனின் செருப்பை எடுத்து ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அந்தத் தடம் நேராகப் பாயருகே போய் நின்றிருந்தது.

பாயில் படுத்திருந்தவன் எப்போதும்போல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் உள்ளங்காலில் பொட்டு மணல்கூட இல்லை.