ஐஸ்கிரீம் கடைச் சுவரில் ஒரு சண்டை

திருச்சியில் ஓர் ஐஸ்கிரீம் கடை. அதன் சுவரில் அழகுக்காக ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டைகளையும், பக்கத்திலேயே ஒரு பனிச்சறுக்குப் பலகையையும் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கடை திறந்த நாளிலிருந்து இரண்டு தரப்புக்கும் ஓயாத சண்டை.

“காலுக்கு ஒண்ணா மாட்டிக்கிட்டுச் சறுக்கினாத்தான் அது சறுக்கல். அதுவும் காஷ்மீர்ல, குல்மார்க்லதான்!” என்றன கட்டைகள் ஒரே குரலில்.

“போங்கப்பா! ரெண்டு காலும் ஒரே பலகையில நிக்கணும். அப்படியே வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும். அதுக்கு ஔலி மலைதான்!” என்றது பலகை.

கீழே நின்ற ஃப்ரீசர் பெட்டிக்குக் காது புளித்துவிட்டது. “நீங்க யாராவது பனியைப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டது.

“பாத்தாத்தான் தெரியுமா?” என்று இரண்டு தரப்பும் சேர்ந்து பாய்ந்தன.

மாதம் ஒருமுறை ஃப்ரீசரைச் சுத்தம் செய்வது கடைக்காரர் சகாயத்தின் வழக்கம். அன்று உள்ளே உறைந்திருந்ததைச் சுரண்டி, சுவரோரமாக வெள்ளை வெளேரென்று குவித்தார்.

“இந்தாங்க, பனியே வந்திருச்சு. இறங்குங்க!” என்றது ஃப்ரீசர்.

ஒரு துணுக்கு தெறித்துக் கட்டைகளின் நுனியில் ஒட்டியது.

“ஐயையோ! என்ன கண்றாவி இது, இப்படிச் சில்லுன்னு இருக்கு!”

“தொடாதீங்க!” என்று பலகை பதறியது. “பனின்னா வெதுவெதுன்னுல்ல இருக்கும்? இது வேற ஏதோ.”

அன்றுதான் முதல்முறையாக இரண்டு தரப்பும் ஒத்துப்போயின. சகாயம் அந்தக் குவியலை வாரிச் சாக்கடையில் கொட்டிவிட்டு வருவதற்குள், குல்மார்க்கா ஔலியா என்ற சண்டை மறுபடி சூடுபிடித்திருந்தது.