மரத்துப்போனது

மகனுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. செங்கமலம் இன்னும் அழவில்லை. எப்படியாவது அழ வைத்துவிடு, இல்லாவிட்டால் உள்ளேயே கட்டிக்கொள்ளும் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவள் கணவன் அரங்கநாதனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கேயாவது அழைத்துப் போகலாம் என்றால், ஒரு வருஷத்துக்குக் கோயில் கூடாது. அதனால் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்க அழைத்து வந்திருந்தார்.

செம்மண் மேட்டில் மரங்கள் வெட்டிப் போட்டதுபோலக் கிடந்தன. பட்டையின் வரிகளும் கிளை முறிந்த கணுக்களும் அப்படியே இருந்தன. அவள் குனிந்து ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உச்சி வெயில். வைத்த கையை எடுக்கவில்லை.

"சுடும்மா, கைய எடுங்க" என்றார் காவலாளி ஏழுமலை.

"மரத்துப் போச்சு" என்றாள். அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

ஏழுமலையின் காதில் மரம் மட்டும் விழுந்திருக்க வேண்டும். "மரமா இருந்ததுதாம்மா. இப்ப முழுக்கக் கல்லு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "மரத்துப் போனது கல்லாக எவ்ளோ நாளாகும்?"

"ரெண்டு கோடி வருஷம்னு போர்டுல போட்டிருக்காங்க."

அரங்கநாதன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தூக்கினார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. பாட்டிலைத் திறந்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்கில் வழிந்த தண்ணீர் கல்லில் விழுந்ததும் காய்ந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோ நாளாகுமாங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.