மேடையின் இடது மூலை

இடுகாட்டுக் கற்களைப் பெயர்த்து லாரியில் ஏற்றச் சொன்னவள் அவள்தான். குரலை உயர்த்தவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. பெயர் பொறித்த கல், பொறிக்காத கல் என்ற வேற்றுமை பாராமல் எல்லாவற்றையும் வேலிக்கு வெளியே அடுக்கிவிடுங்கள் என்றாள்.

இயந்திரம் ஓட்டுபவன் ஒரு கணம் கைப்பிடியை விட்டான். பிறகு பிழைப்பை நினைத்துக்கொண்டு மீண்டும் பிடித்தான். அன்றைக்கே அவளுக்குக் 'கல்லு' என்று பெயர் விழுந்தது.

அங்கே இருந்த ஊர் போய்விட்டது. வீடுகள் இடிந்து, கிணறு தூர்ந்து, மனிதர்கள் நெடுஞ்சாலைக்கு அப்பால் வரிசைக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டுவிட்டார்கள். அந்த நிலத்தில் செல்வர்கள் விளையாட ஒரு கோல்ஃப் மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. அதை வரைந்து கொடுத்தவள் கல்லு. எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் தான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்வாள்.

உயிரோடிருந்தவர்களுக்கு மாற்று இடம் என்று ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். செத்தவர்களுக்கு அதுவும் இல்லை. செத்தும் குடிபெயர வேண்டிய தலைவிதி ஏழைக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

அதைக் கேட்பதற்காக ஒருவன் தினமும் மைதானத்தின் வாசலில் வந்து நின்றான். பழைய ஊர்க்காரன், தச்சன். எங்கள் ஆட்களின் எலும்பில் கை வைக்காதீர்கள் என்று முதலாளியின் காரை மறித்துத் திட்டுவான், லாரிக்காரர்களைத் திட்டுவான். கல்லுவின் கார் வந்தால் மட்டும் வாய் திறவாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவளும் கண்ணாடியை இறக்கியதில்லை.

வேலிக்குள்ளே வழக்கு வேறாக இருந்தது. ஒவ்வொரு குழியை நோக்கியும் பந்தை முதன்முதலில் அடிக்கும் புல்மேடையை டீ என்பார்கள். இடுகாடு இருந்த இடத்தில் அமையவேண்டிய டீயை, அவள் மற்றவற்றைவிடப் பல மடங்கு அகலமாக வரைந்திருந்தாள்.

தகரக் கொட்டகை அலுவலகத்தில் வரைபடத்தை விரித்துவைத்து முதலாளி காரணம் கேட்டார். அவள் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். எல்லோரும் ஒரே இடத்தில் நின்று அடித்தால் புல் பெயர்ந்துவிடும். அகலம் இருந்தால் இன்று வலப்பக்கம், நாளை இடப்பக்கம் என்று ஆட்டத்தை நகர்த்தலாம், அடிபட்ட புல் ஆறும். நிற்கும் இடம் மாறினால் பந்து போகும் கோணமும் மாறும். ஒரே குழி நாளுக்கொரு குழியாகும்.

"அதாவது, புல்லுக்கு ஓய்வு வேணும்ங்கற."

"ஆமா சார்."

அந்தப் பேச்சு எப்படியோ வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. புல்லுக்கு ஓய்வு கேட்கத் தெரிந்தவளுக்குப் புதைந்தவர்களுக்கு ஓய்வு கேட்கத் தெரியவில்லையா என்று தச்சன் கேட்டானாம். இயந்திரம் ஓட்டுபவன் அதைக் கொண்டுவந்து அவள் காதில் போட்டான். அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள், சீவி முடித்தாள்.

முதலாளி அகலத்துக்கு இணங்கினார். இடது மூலைக்கு இணங்கவில்லை. மேடை அந்த மூலையில் காதுபோல் தனியே பிதுங்கி நின்றது. அதைப் பள்ளமாக வெட்டி மணல் கொட்டினால் பார்க்க அழகாக இருக்கும், வெளியிலிருந்து லோடு லோடாக மண் அடித்து மேடாக்கும் வீண்வேலையும் குறையும் என்றார்.

"இடது கைக்காரங்க அங்க நிக்கட்டும் சார்."

"அங்க நின்னு அடிச்சா நேரா மரத்துலதாம்மா படும். இடது கைக்காரன் என்ன, மாங்கா அடிக்கவா வரான்?"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த மூலை போச்சுன்னா என் பேரையும் எடுத்துடுங்க சார். நான் கிளம்பறேன்."

படித்த திமிர் என்று முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். ஆனால், அவள் பெயரை விளம்பரத்தில் போட்டுத்தான் மைதானத்துக்கு உறுப்பினர்களைச் சேர்த்திருந்தார். மூலை தப்பியது.

மண் வந்தது, கொட்டினார்கள், பரப்பினார்கள், மேலே புல் விரித்தார்கள். தண்ணீர்க் குழாய்களைக்கூடப் புது மண்ணுக்குள்ளேயே பதிக்கவேண்டும் என்று அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். மழையில் நின்றாள், வெயிலில் நின்றாள்; எதுவும் அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

வேலை முடிந்து, மண் தோண்டும் இயந்திரங்களெல்லாம் மைதானத்தைவிட்டு வெளியேறின. அன்று மாலை அவள் கார் வாசலில் நின்றது. கண்ணாடி இறங்கவில்லை, கதவே திறந்தது.

தச்சன் வேலியோரம் அடுக்கிக் கிடந்த கற்களில் ஒன்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். எப்போதும் அந்த ஒரு கல்லைத்தான் துடைப்பான். ஆளுயரத் தகரவேலிக்கு அப்பால் நடந்தது எதையும் அவன் கண்ணால் கண்டதில்லை. அவள் எதிரே வந்து நின்றபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எலும்பையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டுனீங்க? அதையாவது சொல்லிட்டுப் போ."

அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. கொட்டகையில் புல்லைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"யாரையும் தோண்டலண்ணே. அந்த இடது மூலையில நம்ம அம்மா அப்படியே இருக்காங்க."